ஒன்பது வரிச் செய்தி

மொத்தம் ஒன்பது வரி, கூடவே தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்தது. வெட்டியெடுத்த அந்தத் துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெட்டியது நான் இல்லை. செய்தியில் வருகிற பிள்ளையே வெட்டி, ஓரத்தில் நீலப் பேனாவால் சில குறிகள் போட்டு, ஒரு திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

செய்தி இப்படிப் போகிறது. பாலக்கோடு அருகே அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் இந்த மாணவி, சேலத்தில் நடந்த மாநில சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில் தன்னைவிட மூத்த வீரரை செக்மேட் செய்து வாகை சூடினார். உலகத் தரவரிசையில் ஒரே ஆண்டில் 380 இடங்கள் முன்னேறிச் சாதனை படைத்தார். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பாராட்டினர். பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகைப் படம், அதன் மேல் அவள் முகத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பலகை கால் சுற்று திரும்பிக் கிடந்தது. வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

நடந்தது வேறு. சுதந்திர தினத்தை ஒட்டி நான்கு நாள் நடந்த ஓபன் போட்டி அது. ‘மாநில அளவிலான’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். மாநிலத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து, நுழைவுக் கட்டணம் கட்டி ஆடலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். மாநில சாம்பியன்ஷிப் என்பது முற்றிலும் வேறு சமாசாரம். எங்கள் பிள்ளை ஒன்பது சுற்றில் ஐந்து புள்ளி எடுத்தாள், ஒட்டுமொத்தத்தில் 47-ஆவது இடம், 13 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் மூன்றாம் பரிசு. கடைசிச் சுற்றில், முப்பத்தோராம் போர்டில், ஒரு கல்லூரி மாணவரை ஜெயித்தாள். செக்மேட் எதுவும் நடக்கவில்லை. குதிரையும் நான்கு சிப்பாயும் வைத்திருந்த இவளுக்கு எதிராக மந்திரியும் மூன்று சிப்பாயுமாக அந்தப் பையன் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு அவரே கை நீட்டினார். என்னைக் கேட்டால், வாகை சூடியதைவிட அந்தக் கை நீட்டல் பெரிது. பதின்மூன்று வயதுகூட ஆகாத பிள்ளை இதற்கு மேல் தப்பு பண்ணமாட்டாள் என்று ஒரு காலேஜ் பையன் நம்பினார் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

அந்த 380 விஷயம் இன்னும் மோசம். அது இடம் இல்லை, ரேட்டிங் புள்ளி, அதாவது ஒருவரின் ஆட்டத்திறனைக் காட்டுகிற எண். அந்தப் புள்ளியும் அவள் ஆடி வாங்கியது இல்லை. 2024 மார்ச் 1 அன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே கணக்கில் ஏற்றியது. 2000-க்கு எவ்வளவு குறைவோ, அதில் நாற்பது சதவீதம் கூடும். இவளுக்கு 1050 இருந்தது, 950 குறைவு, அதில் நாற்பது சதவீதம் 380. ஆக 1430. அடுத்த போர்டில் உட்கார்ந்திருந்தவருக்கும், அதற்கடுத்த போர்டில் இருந்தவருக்கும் இதே கணக்கில்தான் ஏறியது. செய்தி வந்த அன்று அவள் முதலில் கேட்டதும் இதைத்தான். “சார், அது எல்லாருக்கும் ஏத்துனது தானே? நான் மட்டும் ஏறுன மாதிரி போட்டிருக்காங்களே?”

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டீக்கடையில் படித்த சதுரங்கம்

பத்திரிகையில் சதுரங்கம் படிக்கிற பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. 2013 நவம்பரில் சென்னையில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆனந்தும் நார்வேயின் கார்ல்சனும் ஆடியபோது நான் தருமபுரியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைக்குப் போய், இருக்கிற எல்லா நாளிதழையும் ஒரு டீக்குப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். முதல் ஆட்டம் நவம்பர் 9. பதினாறே நகர்த்தலில் டிரா. மறுநாள் ஒரு தாளில் ‘ஆனந்த் ஏமாற்றம்’ என்று தலைப்பு. எனக்குத் திக்கென்றது. ஆனந்துக்கு அன்று கறுப்புக் காய். முதலில் நகர்த்துவது வெள்ளை, அதனால் கறுப்புக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஆளை, கறுப்புக் காய் வைத்துக்கொண்டு பதினாறு நகர்த்தலில் ஒன்றும் செய்யவிடாமல் நிறுத்தியிருக்கிறார். ஏமாற வேண்டியது யார்? கிரிக்கெட்டில் மழையால் நின்றுபோன ஆட்டத்தைப் போல டிராவை நினைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும். ஐந்தாவது ஆட்டத்தில் ஆனந்த் தோற்ற பிறகு, இதற்குப் பிறகு ஒரு டிரா கிடைத்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்தத் தலைப்பு எழுதியவருக்குப் புரிந்திருக்காது.

2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா இணையவழியில் நடந்த ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடும்) போட்டி ஒன்றில் கறுப்புக் காய் வைத்து கார்ல்சனை 39 நகர்த்தலில் ஜெயித்தார். ‘உலக சாம்பியனை வீழ்த்தினார்’ என்று எல்லாத் தாளிலும் வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஆனால் அன்று சாயந்திரம் எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, “வாத்தியாரே, நம்ம பையன் உலக சாம்பியன் ஆயிட்டானாமே!” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. மல்யுத்தத்திலோ குத்துச்சண்டையிலோ சாம்பியனை வீழ்த்தினவன்தானே அடுத்த சாம்பியன்? இது பல சுற்றுகளில் ஒரு சுற்று, பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சேர்த்தால் தலைப்பின் காரம் குறைந்துபோகும் என்று யாரோ பயந்திருக்கிறார்கள். பதினாறு வயதுப் பையன் கார்ல்சனை ஜெயித்தான் என்பதே நெஞ்சு நிமிர்த்துகிற செய்தி, அதற்கு மேல் எந்தக் காரமும் வேண்டாம் என்பது என் கட்சி.

உலகக் கோப்பை வேறு, உலக சாம்பியன்ஷிப் வேறு என்பதும் இப்படித்தான். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் இரண்டும் ஒன்று. சதுரங்கத்தில் உலகக் கோப்பை, பட்டப் போட்டிக்குப் போகிற பாதையில் ஒரு படி. 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதுமியில் திவ்யா தேஷ்முக் ஹம்பியைத் தோற்கடித்து மகளிர் உலகக் கோப்பையை வாங்கியபோது, மகளிர் உலக சாம்பியன் பட்டம் சீனாவின் ஜூ வென்ஜுனிடம்தான் இருந்தது. அன்று எங்கள் பள்ளி வாட்ஸாப் குழுவில் ‘புதிய உலக சாம்பியன்’ என்று வாழ்த்து பறந்தது. திருத்தினால் கொண்டாட்டத்தில் மண்ணைப் போடுகிற ஆள் மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். பட்டத்துக்கு முன்னால் போட்டிகளில் சேர்க்க வேண்டிய ‘நார்ம்’ என்ற தகுதி எதுவும் இல்லாமல் போய், ஒரே போட்டியில் கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தாளே, அந்தச் செய்தி இதற்குள் அமுங்கிப்போனது.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. எலோ ரேட்டிங்கை ‘இ.எல்.ஓ.’ என்று புள்ளி வைத்து அச்சிடுவார்கள், ஏதோ மின்வாரியப் பதவியின் சுருக்கம் போல. அது ஒரு மனிதரின் பெயர். அர்பாத் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர். அப்புறம் காய்களின் பெயர். மூலையில் நிற்பதை எங்கள் பக்கத்தில் யானை என்போம். புத்தகத்தில் கோட்டை என்று இருக்கும். ஏஜென்சிச் செய்தியை அவசரமாக மொழிபெயர்க்கிறவர் முதல் பத்தியில் ‘ரூக்’ என்றும், இரண்டாம் பத்தியில் ‘தேர்’ என்றும், மூன்றாம் பத்தியில் ‘கோட்டை’ என்றும் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். படிக்கிறவர் அது மூன்று தனித்தனிக் காய் என்று நினைத்துக்கொள்வார். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, ஒரு செய்திக்குள் ஒரே பெயர் இருந்தால் போதும்.

குகேஷ் ஜெயித்த மறுநாள்

2024 டிசம்பர் 12 மாலை, சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையை ‘எஃப் 2’ கட்டத்துக்குக் கொண்டுவந்தார். செல்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. யானைக்கு யானை வெட்டு, அடுத்து குகேஷின் மந்திரி ‘டி 5’-க்கு வந்தால் மூலையில் மாட்டியிருந்த டிங்கின் மந்திரியும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். அவ்வளவுதான். 58-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு டிங் ஒப்புக்கொண்டார். 7.5–6.5.

மறுநாள் வீட்டுக்கு மூன்று நாளிதழ் வாங்கி வந்தேன். இரண்டில் முதல் பக்கத்திலேயே ‘செக்மேட்’ என்ற சொல். பலகையில் செக்மேட் வரவே இல்லை. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் அது அபூர்வம். தோற்பது தெரிந்ததும் எழுந்து கை கொடுப்பதுதான் மரியாதை. இன்னொன்று, ‘உலகிலேயே மிக இளம் வயதில்’ என்பது. குகேஷுக்கு அன்று பதினெட்டரை வயது. 2002 ஜனவரியில் உக்ரைனின் ருஸ்லான் பொனோமாரியோவ் ஃபிடே பட்டம் வாங்கியபோது அவருக்குப் பதினெட்டே கால். அப்போது பட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1993-இல் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவும் அவரோடு பட்டத்துக்கு மோத வேண்டிய ஷார்ட்டும் ஃபிடேயை விட்டுப் போனதில் பிளந்தது, 2006-இல்தான் ஒட்டியது. அதனால்தான் ஆங்கிலச் செய்திகளில், பிளவில்லாத பட்டத்தை வென்றவர்களில் இளையவர் என்ற பொருளில் ஒரு அடைமொழியைச் சேர்த்திருந்தார்கள். தமிழில் வரும்போது இடம் போதவில்லையோ என்னவோ, அந்த அடைமொழி உதிர்ந்துவிட்டது. ஒரு சொல் உதிர்ந்ததில் ஒரு மனிதரே வரலாற்றிலிருந்து காணாமல் போய்விட்டார். குகேஷின் பெருமை அந்தச் சொல்லால் ஒரு இம்மியும் குறையாது. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த காஸ்பரோவுக்கு 1985-இல் வயது இருபத்திரண்டரை. அதைவிட நான்கு வயது குறைவு என்பது போதாதா?

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறு. குகேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுத படம் எல்லாத் தாளிலும் இருந்தது. அழுதுகொண்டே அவர் பலகையில் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆரம்ப இடத்தில் அடுக்கி வைத்தார். நான் வாங்கிய மூன்று தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பள்ளி வராந்தாவில் நான்கு பழைய பலகைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வது அதுதான். ஆட்டம் முடிந்ததா, ஜெயித்தாலும் தோற்றாலும் காயை அடுக்கிவிட்டு எழுந்திரு. உலக சாம்பியன் ஆன நிமிடத்தில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார். செல்பேசியில் தேடி எடுத்து அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். யாரும் பேசவில்லை. அன்றைக்கு ஒரு காய்கூடக் கீழே உருளவில்லை.

தொலைபேசியில் கேட்டது

இனி அந்த ஒன்பது வரிக்கு வருகிறேன். செய்தி வந்த அன்றே அதை எழுதிய நிருபருக்குப் போன் போட்டேன். கோபமாகத்தான் போட்டேன். அவரை எனக்குத் தெரியும். சின்ன வயசுப் பையன், பகுதிநேரம்தான், செய்திக்கு இவ்வளவு என்று காசு. தக்காளி மண்டியில் கிரேடு விலை விழுந்தால் அவர்தான் எழுத வேண்டும், காட்டுயானை ராகி வயலில் இறங்கினால் அவர்தான், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் அவர்தான் ஓட வேண்டும். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்புனதைத்தான் போட்டேன். நீங்களே ஒரு தடவை பாருங்க.”

போனை வைத்துவிட்டு வாட்ஸாப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு 9.10-க்கு, சேலத்திலிருந்து திரும்புகிற பேருந்தில் உட்கார்ந்து நான் அனுப்பியது இதுதான்: ‘மாநில அளவிலான சதுரங்கப் போட்டி, சேலம். நம் பள்ளி மாணவி இறுதிச் சுற்றில் கல்லூரி மாணவரை வென்று பரிசு பெற்றார். ரேட்டிங் 1430 (முன்பு 1050). செய்தி வெளியிட வேண்டுகிறேன்.’

அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். ‘இறுதிச் சுற்று’ என்று நான் எழுதியது ஒன்பதாவது சுற்றை. கடைசியாக நடந்த சுற்று. ஆனால் கபடியோ கைப்பந்தோ எழுதிப் பழகிய கைக்கு இறுதிச் சுற்று என்றால் ஃபைனல்தான். தமிழில் இரண்டுக்கும் அதே சொல்தானே? நாங்கள் ஆடுவது சுவிஸ் முறை. 1895-இல் சூரிச்சில் முதலில் கையாண்டது. யாரும் வெளியேறுவது கிடையாது, ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள், கடைசியில் யாரிடம் புள்ளி அதிகமோ அவர் முதல். ஃபைனல் என்று ஒரு ஆட்டமே இதில் இல்லை. இது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? ‘பரிசு பெற்றார்’ என்றேன், எந்தப் பிரிவில், எத்தனையாவது பரிசு என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மூன்றாம் பரிசு என்று எழுத எனக்கே மனம் வரவில்லை. கொஞ்சம் மங்கலாக இருந்தால் செய்தி வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. 1430, முன்பு 1050 என்று மொட்டையாகப் போட்டேன். மார்ச் மாதம் எல்லாருக்கும் ஏற்றியதைச் சொல்லவில்லை. செக்மேட் ஒன்றுதான் அவர் சேர்த்தது. மற்றதற்கெல்லாம் விதை என் கையிலிருந்து போனது.

அதுவரை பத்திரிகைக்காரர்களுக்குச் சதுரங்கம் தெரியவில்லை என்பதுதான் என் குறை. அன்றைக்கு அது மாறியது. தெரியாதது அவர்கள் குறையாக இருக்கலாம். ஆனால் தெரிந்த நாங்கள், எங்களுக்குள் பேசுகிற பாஷையில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, அது கல்யாணப் பத்திரிகை போலத் தானாகப் புரிந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். உள்ளூர்ச் சதுரங்கச் செய்தி நிருபர் நேரில் பார்த்து எழுதுவது இல்லை. பயிற்சியாளரோ அப்பாவோ அனுப்புவதுதான் வருகிறது. அனுப்புகிறவருக்குப் பிள்ளை மேல் பாசம், வாங்குகிறவருக்கு நேரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாம் பரிசு எப்போது முதல் பரிசாகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

சரி, நல்லவிதமாகத்தானே தப்பு போட்டிருக்கிறார்கள், பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நஷ்டம் இருக்கிறது. செய்தியை வைத்து ஊர்க்காரர்கள் பள்ளி வாசலில் ‘மாநில சாம்பியன்’ என்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதே போட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து போன இரண்டு பையன்கள் அதைப் பார்த்துவிட்டு அவளிடம், “நீ எப்ப சாம்பியன் ஆன?” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஒன்பது சுற்றில் உட்கார்ந்து சம்பாதித்த ஐந்து புள்ளியும், காலேஜ் பையன் நீட்டிய கையும் அந்த ஒரு கேள்வியில் பொய்யாகிப்போனது. மூன்றாம் பரிசு என்று போட்டிருந்தால் அவள் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். இல்லாத பாராட்டு ஒரு பிள்ளையைத் திருடி மாதிரி நிற்க வைத்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஃபிளெக்ஸை நானே அவிழ்க்கச் சொன்னேன். அவள் அப்பா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகைக்கு மேல் கட்டிவிட்டார், நல்ல துணி வீணாக வேண்டாம் என்று. எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி திருப்பிக் கட்டச் சொன்னது அவள்தான்.

சதுரங்கத்தைப் போல எல்லாவற்றையும் எழுதி வைக்கிற விளையாட்டு வேறு எது இருக்கிறது? ஒவ்வொரு நகர்த்தலையும் இரண்டு பேரும் தாளில் குறிக்கிறார்கள், முடிவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ரேட்டிங் போட்டி என்றால் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் சுற்றுவாரியாக முடிவு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் வயல் வரப்பில்கூட நடுகல் நிற்கும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பிள்ளைகளோடு போய் அவற்றைப் பார்த்திருக்கிறேன். எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்த் தொறுவை மீட்டு, யார் பட்டான் என்று கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். ஐந்தாறு வரிதான். அந்த ஆளை ஊரையே காத்த மாமன்னன் என்று யாரும் வெட்டவில்லை. மாடு மீட்டான், செத்தான்; அதுவே கல்லுக்குப் போதுமான செய்தியாக இருந்திருக்கிறது.

நீலப் பேனாக் குறிகள்

அவள் கொடுத்த துண்டில் இருந்த குறிகளைச் சொல்ல வேண்டும். சதுரங்கப் புத்தகத்தில் ஆட்டத்தை விளக்கும்போது நகர்த்தலுக்குப் பக்கத்தில் போடுவார்களே, நல்லதுக்கு ஆச்சரியக்குறி, பிழைக்குக் கேள்விக்குறி, பெரும்பிழைக்கு இரண்டு கேள்விக்குறி, அதே குறிகள். ‘மாநில சதுரங்கப் போட்டி’க்கு ஒரு கேள்விக்குறி. ‘செக்மேட்’டுக்கு ஒன்று. ‘380 இடங்கள்’ பக்கத்தில் இரண்டு. படத்தில் இருந்த பலகை மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு இரண்டு. ‘இறுதிச் சுற்றில்’ என்பதன் மேல் மட்டும் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்த்து, அதாவது இது சரியா தப்பா என்று சந்தேகம். அந்தச் சொல் எப்படிச் சறுக்கியது என்று நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செய்தி முழுக்க ஒரே ஒரு ஆச்சரியக்குறி, அவள் ஊர்ப் பெயருக்கு. அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில்கூடத் தப்பாகத்தான் எழுதுவார்கள்.

இந்த வருஷம் தருமபுரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தபோது அந்த நிருபரை வரச் சொன்னேன். “ஃபைனல் எத்தனை மணிக்கு சார்?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த சுற்றுப் பட்டியலுக்கு முன்னால் நிறுத்தி, யார் யாரோடு ஏன் மோதுகிறார்கள் என்று காட்டினேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். “இது நம்ம ரேஷன் கடை வரிசை மாதிரி இல்ல, யாரையும் வெளிய அனுப்பறது இல்ல” என்றார். ஹாலுக்குள் இருநூறு பிள்ளைகள் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒட்டியிருந்த முடிவுத் தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இரவு பத்தேகால் மணிக்கு அவரிடமிருந்து செய்தி. ‘சார், டை-பிரேக்குக்குத் தமிழ்ல என்ன போடலாம்? டெஸ்க்ல கேக்கறாங்க.’ அவள் ஆறு புள்ளி எடுத்திருந்தாள். அதே புள்ளியில் இன்னும் நான்கு பேர், அவர்களில் யார் முன்னே என்று பிரிக்கிற டை-பிரேக் கணக்கில் 12-ஆவது இடம். நான் இரண்டு மூன்று சொல் அனுப்பினேன். படிக்கிறவருக்குப் புரியாது சார் என்றார். அதுவும் சரிதான். கடைசியில் சொல்லே வேண்டாம், நடந்ததை அப்படியே எழுதுவோம் என்று முடிவு செய்தோம். நீளமாக இருக்கிறதே, வெட்டிவிடுவார்களே என்று இரண்டு பேருக்கும் பயம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே கடைக்குப் போய்த் தாளைப் பிரித்தேன். ஐந்து வரி, படம் இல்லை. நான்காவது வரி முழுசாக இருந்தது: ‘ஐந்து பேர் தலா ஆறு புள்ளி பெற்றதால், அவர்கள் மோதிய எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்ததில் இவருக்கு 12-ஆவது இடம் கிடைத்தது.’ அவள் பிரேயர் முடிந்ததும் வெட்டிய துண்டோடு வந்தாள். எட்டாம் வகுப்பு என்று இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சின்னதாக 9 என்று எழுதியிருந்தாள். நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி.